விருந்தினருக்கும் ஒரு தர்மம்

விருந்தோம்பலின் பெருமை நம் நாட்டில் பேசப்படாத காலமே இல்லை. திருவள்ளுவர் அதற்கென்று தனி அதிகாரமே வகுத்தார். கல்வி முடித்து வீடு திரும்பும் மாணவனுக்கு அறிவுரை கூறும் தைத்திரீய உபநிஷதம், தாய், தந்தை, ஆசிரியர் ஆகியோரின் வரிசையில் விருந்தினரையும் வைத்து, அவரைத் தெய்வமாகப் போற்றும்படிப் பணிக்கிறது. வருபவரை எவ்வாறு வரவேற்பது, எவ்வாறு உபசரிப்பது என்பவை நமக்குச் சிறு வயது முதலே சொல்லித் தரப்படுகின்றன.

ஆனால் இந்த அறத்திற்கு மற்றொரு பக்கமும் உண்டு. வரவேற்கப்படுபவரின் கடமை என்ன? அன்பைக் கொடுப்பவருக்குத் தர்மம் இருப்பதுபோல, அதைப் பெறுபவருக்கும் ஒரு தர்மம் உண்டா? சாஸ்திரங்களைப் படித்தபோதெல்லாம் எனக்குத் தோன்றாத இந்தக் கேள்வியை என் உள்ளத்தில் எழுப்பியவர்கள், கரீபியக் கடலில் உள்ள ஒரு சிறு தீவின் கிராம மக்கள்.

வணக்கம் சொல்லாதவன்

டொமினிகா என்பது அந்தத் தீவின் பெயர். பெரிய நாடாகிய டொமினிக்கன் குடியரசு வேறு, இது வேறு. வடக்கே குவாதலூப், தெற்கே மார்த்தினிக் என்ற இரு பிரெஞ்சுத் தீவுகளுக்கு நடுவே, மலைகளும் மழைக்காடுகளும் அருவிகளுமாக விளங்கும் நாடு. மக்கள்தொகை சுமார் 70,000 மட்டுமே. 1978-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. ஆட்சிமொழி ஆங்கிலம். கிராமங்களில் பிரெஞ்சு மொழியின் சாயல் கொண்ட கிரியோல் மொழியும் வழங்குகிறது. பணி நிமித்தமாக அங்கே சென்ற எனக்கு, கிராமங்களின் வழியே சில நாட்கள் பயணம் செய்யும் வாய்ப்புக் கிடைத்தது.

அங்கே பேருந்து என்பது பெரும்பாலும் ஒரு சிறிய வேன்தான். முதல் நாள் காலையில் அப்படி ஒரு வேனில் ஏறி, காலியாக இருந்த இருக்கையில் பேசாமல் அமர்ந்தேன். வண்டிக்குள் ஒரு மௌனம் நிலவியது. சிறிது நேரம் கழித்து, பள்ளிச் சீருடை அணிந்த ஒரு சிறுமி ஏறினாள். ஏறும்போதே எல்லோருக்கும் பொதுவாக, 'குட் மார்னிங்' என்றாள். வண்டியில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் பதில் வணக்கம் கூறினார்கள். அடுத்து ஏறிய முதியவரும் அவ்வாறே செய்தார்; அவருக்கும் அவ்வாறே பதில் கிடைத்தது. என் பக்கத்தில் அமர்ந்திருந்த பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்து, புன்னகையுடன், ஆனால் சற்று அழுத்தமாக, 'குட் மார்னிங்' என்றார். அப்போதுதான் என் தவறு எனக்குப் புரிந்தது. மனிதர்கள் அமர்ந்திருக்கும் ஓர் இடத்திற்குள், யாருமே இல்லாத இடத்திற்குள் நுழைவதுபோல நான் நுழைந்திருந்தேன்.

கரீபியத் தீவுகளின் கிராமங்களில் இது மிக அடிப்படையான பண்பு. கடைக்குள் நுழைந்தாலும், வழியில் ஒருவரைக் கடந்தாலும், முதலில் வணக்கம்; அதன் பிறகுதான் மற்ற பேச்சு. இரவில் ஒருவரைச் சந்திக்கும்போதே 'குட் நைட்' என்பார்கள். நாம் விடைபெறும்போது சொல்லும் சொல்லை, அவர்கள் சந்திக்கும்போது சொல்கிறார்கள். எதிரே வருபவரைத் தெரியுமா, தெரியாதா என்பது அங்கே ஒரு பொருட்டே அல்ல. மனிதர் என்பதே போதுமான அறிமுகம்.

மழையும் ஒரு தாயும்

டொமினிகாவில் தெற்கிலிருந்து வடக்குவரை, கிராமங்களையும் காடுகளையும் இணைத்துச் செல்லும் ஒரு நடைபாதை இருக்கிறது. வைட்டுகுபுலி என்பது அதன் பெயர். 'அவளுடைய உடல் உயரமானது' என்ற பொருளில், அத்தீவின் பழங்குடிகளான கலினாகோ மக்கள் தங்கள் தாய்நிலத்திற்கு இட்ட பெயர் அது. அந்தப் பாதையின் ஒரு பகுதியில் நடந்து கொண்டிருந்தபோது பெருமழை பிடித்துக் கொண்டது. சாலையோரத்தில் இருந்த ஒரு சிறிய வீட்டின் முகப்பில் அமர்ந்திருந்த மூதாட்டி, என்னைக் கண்டதும் கையசைத்து உள்ளே வரும்படி அழைத்தார். முதல் நாள் கற்ற பாடத்தை மறவாமல் நான் வணக்கம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

அமர நாற்காலியும், துடைத்துக் கொள்ளத் துணியும் தந்தார். எந்த நாடு என்று கேட்டார். இந்தியா என்றேன். அவர் தம் தலையில் கட்டியிருந்த கட்டம் போட்ட துணியைத் தொட்டுக் காட்டி, "மதராஸ்" என்றார். நான் வியந்து போனேன். பல தலைமுறைகளுக்கு முன்பு சென்னைப் பகுதியிலிருந்து கப்பல் ஏறிய கட்டத் துணி, இன்று அத்தீவுப் பெண்களின் தேசிய உடையில் இடம்பெற்றிருக்கிறது. அதன் பெயரே 'மதராஸ்'தான்.

நான் இறைச்சி உண்பதில்லை என்று தயக்கத்துடன் சொன்னபோது, அவருக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. "ஓ, ஐட்டல்!" என்றார். ராஸ்தாஃபாரி சமயத்தார் பின்பற்றும் தூய உணவுமுறைக்கு அங்கே அப்படி ஒரு பெயர். சற்று நேரத்தில், நெருப்பில் சுட்ட சீமைப்பலாவைத் துண்டுகளாக்கித் தட்டில் வைத்தார். கொக்கோவைத் தட்டிப் போட்டு, பட்டையும் ஜாதிக்காயும் மணக்கக் காய்ச்சிய சூடான பானத்தையும் கொடுத்தார்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். மிகவும் எளிய வீடு. கூரையின் தகரம் மட்டும் புதியது. 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் இரவு, 'மரியா' என்ற கடும் புயல் அத்தீவைத் தாக்கியது. நாட்டின் பெரும்பாலான வீடுகள் கூரை இழந்தன. பிரதமரின் இல்லம்கூடத் தப்பவில்லை. தம்முடைய கூரையும் அந்த இரவில் பறந்துபோனதாகவும், அக்கம்பக்கத்தார் ஒன்றுகூடி அதை மீண்டும் போட்டுக் கொடுத்ததாகவும் அவர் கூறினார். இவ்வாறு ஊரார் கூலியின்றி ஒருவருக்கொருவர் கைகொடுப்பதை, கிரியோல் மொழியில் 'கூடுமே' என்கிறார்கள். கைகொடுத்தல் என்பதே அச்சொல்லின் பொருள்.

மழை ஓய்ந்தது. புறப்படும்போது நான் ஒரு பிழை செய்தேன். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன். அதுவரை மலர்ந்திருந்த அவர் முகம் வாடியது. "மகனே, நான் கடை திறந்து வைத்திருக்கவில்லையே" என்றார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பிறகு அவரே என் சங்கடத்தைத் தீர்த்து வைத்தார். "உன் தாய் இருக்கிறாளா?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். "ஊருக்குப் போனதும் அவளிடம் சொல். உன் மகன் மழையில் நனையாமல் என் வீட்டில் இருந்தான் என்று சொல்."

அவர் என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

இயல்பா, தவமா?

இத்தகைய அனுபவம் கரீபியக் கிராமங்களில் பயணம் செய்யும் பலருக்கும் வாய்க்கிறது. அவர்களில் பெரும்பாலோர், 'அங்குள்ள மக்கள் மிகவும் இனிமையானவர்கள்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள். சுற்றுலா விளம்பரங்களும் அப்படித்தான் சொல்கின்றன: நீலக் கடல், வெண்மணல், தென்னை மரங்கள், புன்னகைக்கும் மக்கள். தென்னை காய்ப்பதுபோல் அம்மக்கள் புன்னகைக்கிறார்கள் என்று நாம் எண்ணிக் கொள்கிறோம். அன்பை அந்த நாட்டின் தட்பவெப்ப நிலைபோல் கருதிவிடுகிறோம். பாராட்டுப் போலத் தோன்றினாலும், ஆராய்ந்து பார்த்தால் இது ஓர் அவமதிப்பே. ஏனெனில் அந்த அன்புக்கு அவர்கள் கொடுத்த விலையை இது மறைத்துவிடுகிறது.

அத்தீவுகளில் இன்று வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோரின் முன்னோர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள். சுமார் மூன்றரை நூற்றாண்டுகளில் அமெரிக்கக் கண்டங்களுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் என்று வரலாற்று அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். இவர்களில் லட்சக்கணக்கானோர் கடலிலேயே மடிந்தனர். கரை சேர்ந்தவர்களின் பெயரும் மொழியும் உறவும் பறிக்கப்பட்டன. கரும்புத் தோட்டக் கணக்கேடுகளில் மாடுகளோடும் கருவிகளோடும் அவர்கள் சொத்தாக எழுதப்பட்டார்கள். பிரிட்டிஷ் குடியேற்றங்களில் 1834-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. முழு விடுதலை 1838-இல்தான் கிடைத்தது. அப்போது பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுன் இழப்பீடு வழங்கியது. அது அடிமைகளுக்கு வழங்கப்படவில்லை; 'சொத்தை' இழந்த முதலாளிகளுக்கு வழங்கப்பட்டது.

எனக்குப் பரிமாறப்பட்ட சீமைப்பலாவுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. அடிமைகளுக்கு மலிவான உணவு வேண்டும் என்பதற்காக, பிளை என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் 1793-இல் பசிபிக் பெருங்கடலின் டஹீட்டித் தீவிலிருந்து அதன் கன்றுகளைக் கரீபியத் தீவுகளுக்குக் கொண்டுவந்தார். அடிமைகளின் வயிற்றை நிரப்பக் கொண்டுவரப்பட்ட காயை, அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று விருந்தினருக்குப் படைக்கும் உணவாக்கி இருக்கிறார்கள். நஞ்சை உண்டு அமுதம் தருவது என்பது இதுதானே!

அந்த வரலாற்றில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. டொமினிகாவின் வடகரையிலிருந்து பார்த்தால் கடலுக்கு அப்பால் குவாதலூப் தீவின் நிலப்பரப்புத் தெரியும். அடிமை முறை ஒழிந்தபின், தோட்ட வேலைக்காக 1854 முதல் 1889 வரை சுமார் 42,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பலேறிய தமிழர்கள். காலப்போக்கில் தமிழ் பேச்சு மறைந்தது. ஆனால் மாரியம்மன் வழிபாடு மறையவில்லை. கபெஸ்தேர் பகுதியில் கோபுரத்துடன் கூடிய கோயில் இன்றும் நிற்கிறது. அந்நிய மண்ணில் இறங்குபவனின் நடுக்கம் எத்தகையது என்பதை அறிந்த குடும்பங்கள் நம் இனத்திலும் இருந்தன.

இவ்வளவு துன்பம் கண்ட ஒரு சமுதாயம், அந்நியரைக் கண்டால் கதவை அடைத்துக் கொண்டிருந்தால் நாம் குறை சொல்ல முடியுமா? கப்பலில் வந்த அந்நியரால்தானே அவர்களுடைய துயரமெல்லாம் விளைந்தது? ஆயினும் அவர்கள் கதவைத் திறக்கிறார்கள். அப்படியானால் அது வெறும் இயல்பாக இருக்க முடியாது. தலைமுறை தலைமுறையாகத் தாய்மார்கள் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக் காத்து வந்த ஒழுக்கம் அது. அதைத் தவம் என்றே சொல்ல வேண்டும். அங்கும் கோபம் உண்டு, குற்றம் உண்டு, ஏமாற்றுவோர் உண்டு. எல்லோரும் மகான்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லாச் சமுதாயங்களையும்போல் குறைகள் நிறைந்த ஒரு சமுதாயம், ஓர் உயர்ந்த ஒழுக்கத்தை விடாமல் கடைப்பிடிக்கிறது என்பதில்தான் அதன் பெருமை இருக்கிறது.

கௌரவமும் மரியாதையும்

அதே கரீபியக் கடலில் இருக்கும் ஹைத்தி நாட்டின் கிராமங்களில் ஓர் அழகிய வழக்கம் உண்டு. ஒருவருடைய வீட்டிற்குச் செல்பவர், முற்றத்திற்கு வெளியே நின்று, 'ஒனே' என்று குரல் கொடுப்பார். 'கௌரவம்' என்பது அதன் பொருள். வீட்டில் இருப்பவர் உள்ளிருந்து, 'ரெஸ்பே' என்று பதில் தருவார். 'மரியாதை' என்பது அதன் பொருள். அதன் பிறகே விருந்தினர் உள்ளே காலடி வைப்பார்.

ஹைத்தியின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்த இரண்டு சொற்களின் ஆழம் விளங்கும். 1791-இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் போராடி, 1804-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் சுதந்திர நாடாக அறிவித்த பூமி அது. அந்த விடுதலைக்கு ஈடாக 1825-இல் பிரான்ஸ் 15 கோடி பிராங்கு அபராதம் விதித்தது. பின்னர் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதற்காக வாங்கிய கடனின் சுமை 1947 வரை நீடித்தது. வறுமையாலும் நிலநடுக்கத்தாலும் வன்முறையாலும் துயருறும் நாடு அது. உலகத்திடமிருந்து கௌரவமோ மரியாதையோ கிடைக்காத மக்கள், தங்கள் வீட்டு வாசலில் அவற்றை ஒருவருக்கொருவர் வழங்கிக் கொள்கிறார்கள்.

இந்த வழக்கத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதலில் பேச வேண்டியவர் விருந்தினர். வீட்டுக்காரர் தம்மை வரவேற்கிறாரா என்று பார்ப்பதற்கு முன்பே, இவ்வீட்டாரை நான் மதிக்கிறேன் என்று அவர் அறிவிக்க வேண்டும். கௌரவம் கொடுத்தவருக்கே மரியாதை கிடைக்கிறது. விருந்தினருக்கும் தர்மம் உண்டா என்ற கேள்விக்கு, எழுத்தறியாத உழவர்களும் தங்கள் அன்றாட வாழ்க்கையால் விடை சொல்லியிருக்கிறார்கள்.

பாத்திரமாதல்

நம் சாஸ்திரங்களும் இதையே வேறு வகையில் கூறுகின்றன. பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் ஸ்ரீகிருஷ்ணர் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறார். கொடுப்பது கடமை என்ற எண்ணத்துடன், கைம்மாறு செய்ய இயலாத ஒருவருக்கு, உரிய இடத்தில், உரிய காலத்தில், உரிய பாத்திரத்திற்குக் கொடுக்கப்படுவதே சாத்விக தானம் என்கிறார்.

அந்த மூதாட்டியின் செயலை இந்த அளவுகோலால் அளந்து பார்த்தேன். மீண்டும் ஒருபோதும் சந்திக்கப் போகாத வழிப்போக்கனுக்கு அவர் கொடுத்தார். ஆகவே கைம்மாறுக்கு இடமில்லை. அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் உதவியிலாவது, நாளை நமக்கும் அவர்கள் உதவுவார்கள் என்ற நியாயமான எதிர்பார்ப்பு இருக்கலாம். வழிப்போக்கனிடம் அதுவும் இல்லை. இடம் அவருடைய வீடு, காலம் மழைக்காலம். கொடுப்பவர் தரப்பில் எல்லா இலக்கணங்களும் நிறைந்திருந்தன. எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று: பாத்திரம். அது என் பொறுப்பு. அங்கேதான் நான் தவறினேன்.

பாத்திரம் என்றால் தகுதியுடையவர் என்று பொருள். கொள்கலம் என்றும் பொருள். ஏற்கெனவே நிரம்பியிருக்கும் பாத்திரத்தில் எதையும் ஊற்ற முடியாது. 'நான் யாருக்கும் கடன்பட மாட்டேன்' என்ற அகந்தை என்னுள் நிரம்பியிருந்தது. நான் நீட்டிய பணத்தைத் தாராள குணம் என்று அப்போது நினைத்தேன். உண்மையில் அது, அவருடைய அன்பிலிருந்து உடனே விடுபட்டுவிட வேண்டும் என்ற அவசரம். பணம் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது. நான் வாடிக்கையாளர், அவர் வியாபாரி. பணத்தை வாங்க மறுத்ததன் மூலம், நான் விருந்தினனாகவே இருக்க வேண்டும் என்று அந்தத் தாய் வலியுறுத்தினார்.

இதைத் தவறாகப் புரிந்து கொள்ளக் கூடாது. வழிகாட்டிக்கும், தங்கும் விடுதிக்கும், உழைத்து விற்பவருக்கும் முழு விலையைக் கொடுப்பதே நேர்மை. ஏழையின் பொருளைப் பேரம் பேசிக் குறைத்துவிட்டு, அவர்களுடைய அன்பை மட்டும் புகழ்வது கயமை. விலைக்குரியதற்கு விலையும், அன்புக்குரியதற்கு வணக்கமும் செலுத்தத் தெரிந்திருப்பதே விவேகம்.

பெறுவதற்கு இலக்கணமாக நம் இதிகாச, உபநிஷதங்களில் இரண்டு விருந்தினர்களைக் காணலாம். ஒருவர் துர்வாச முனிவர். துரியோதனனின் சூழ்ச்சிக்கு இசைந்து, வனவாசத்தில் இருந்த பாண்டவர்களிடம் பெரும் சீடர் கூட்டத்துடன், திரௌபதி உண்டு முடித்த வேளையில் போய் நின்றார். கொடுப்பவரின் நிலையை எண்ணாத விருந்து அது. மற்றவர் நசிகேதன். யமதர்மனின் வீட்டு வாசலில் மூன்று இரவுகள் உணவின்றிக் காத்திருந்தான் அந்தச் சிறுவன். திரும்பி வந்த யமன், வந்தவரைக் காக்க வைத்துவிட்டோமே என்று பதறி, மூன்று வரங்கள் தருவதாகக் கூறினான். மரணதேவனையே பதறச் செய்யும் அளவுக்கு விருந்தினரின் மாண்பு உயர்ந்தது. அந்த மாண்புக்கு நசிகேதன் எவ்வாறு தகுதி பெற்றான்? காத்திருந்ததற்காக அவன் கடிந்துகொள்ளவில்லை. செல்வமும் போகமும் தருவதாகச் சொன்னபோது அவற்றை நாடவில்லை. முதல் வரமாக, தன் தந்தையின் மனக்கவலை தீர வேண்டும் என்று கேட்டான்.

கடோபநிஷதத்தின் இந்தப் பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஆனால், 'உன் மகன் நனையவில்லை என்று உன் தாயிடம் சொல்' என்று அந்த மூதாட்டி கூறிய பிறகுதான், முதல் வரத்தின் இனிமை எனக்கு விளங்கியது. நான் கேட்டிருக்க வேண்டிய வரத்தை, நான் கேளாமலே அவர் தந்தார். தொலைவில் இருக்கும் ஒரு தாயின் கவலையைத் தீர்க்க, அவரை ஒருபோதும் கண்டிராத வேறொரு தாய் விரும்பினார்.

கடன் எங்கே தீர்கிறது?

அப்படியானால் பெற்ற அன்புக்கு நன்றியே செலுத்த வேண்டாமா? வேண்டும். அதற்கு வழிகாட்டுகிறது சுவாமி விவேகானந்தரின் வாழ்க்கை.

1890-ஆம் ஆண்டு சுவாமிஜி துறவியாக அலைந்து கொண்டிருந்த காலம். இமயமலைப் பகுதியில் அல்மோராவை நெருங்கும்போது, பசியாலும் களைப்பாலும் மயங்கித் தரையில் சாய்ந்துவிட்டார். எதிரே முஸ்லிம்களின் அடக்கத் தலம். அதைப் பராமரித்து வந்த ஏழைப் பக்கிரி தம்மிடம் இருந்த வெள்ளரிக்காயைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாயில் ஊட்டும்படி சுவாமிஜி கேட்டார். தாம் ஒரு முஸ்லிம் என்று அவர் தயங்கினார். நாம் இருவரும் சகோதரர்கள் அல்லவா என்ற பொருள்படக் கூறி, அவர் கையாலேயே உண்டார் சுவாமிஜி. பின்னர் 1897-இல், உலகப் புகழுடன் அதே அல்மோராவிற்கு வந்தபோது, வரவேற்கத் திரண்டிருந்த கூட்டத்தில் அந்தப் பக்கிரியை அடையாளம் கண்டு, தம் உயிரைக் காத்தவர் என்று கூறி அவரைப் போற்றினார். பக்கிரிக்கு அவரை நினைவில்லை; சுவாமிஜிக்கு நினைவிருந்தது.

கொடுப்பவர் மறந்துவிடலாம், மறப்பதே அவருக்கு அழகு. பெறுபவர் மறக்கக் கூடாது. இது விருந்தினர் தர்மத்தின் ஒரு பகுதி. மற்றொரு பகுதி, பெற்றதை வேறொருவருக்குக் கடத்துவது. ஒரு வெள்ளரிக்காயைப் பெற்ற கரங்கள், பின்னாளில் பசித்த கோடிக்கணக்கானோரின் தொண்டுக்காகத் துறவிகளின் சங்கம் ஒன்றையே உருவாக்கின. அன்பின் கடன், கொடுத்தவரிடம் திரும்புவதால் தீர்வதில்லை. அது முன்னோக்கியே பாய்கிறது. ஆற்று நீரை ஊற்றுக்கே திருப்பி அனுப்ப முடியுமா? வழியில் உள்ள வயல்களுக்குத்தான் அது பயன்பட வேண்டும்.

நம் வீட்டு வாசலில்

ஊர் திரும்பியதும் என் தாயிடம் அந்தச் செய்தியைச் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மகராசி நன்றாக இருக்கட்டும்" என்றார். மாலையில் விளக்கேற்றும்போது, பெயர் தெரியாத அந்தப் பெண்மணிக்காகவும் வேண்டிக் கொண்டதாக மறுநாள் கூறினார்.

ஆனால் என் மனம் அமைதி அடையவில்லை. அந்தப் பயணத்திற்குச் சில மாதங்களுக்கு முன்பு நடந்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்து வருத்தியது. ஒரு மழைநாளில், எங்கள் குடியிருப்பின் முகப்பில், பொருள்களை வீடுவீடாகக் கொண்டு கொடுக்கும் இளைஞன் ஒருவன் தன் வண்டியுடன் ஒதுங்கி நின்றான். பேச்சிலிருந்து அவன் வேறு மாநிலத்தவன் என்று தெரிந்தது. வழி அடைபடுகிறது என்று காவலாளியிடம் சொல்லி, அவனை வெளியே அனுப்பச் செய்தவன் நான். அவன் மறுபேச்சின்றி மழையில் இறங்கிச் சென்றான். அவனுக்கும் எங்கோ ஒரு தாய் இருந்திருப்பாள். அவளுக்கு நான் என்ன செய்தி அனுப்பினேன்?

ஏழாயிரம் மைலுக்கும் அப்பால் ஒரு திண்ணையில் விருந்தினனாக அமரும்வரை, என் வீட்டுத் திண்ணையில் நின்றவன் விருந்தினன் என்பது எனக்குத் தெரியவில்லை. 'விருந்து' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்றே பொருள். உறவினரும் நண்பரும் வருவது விருந்தின் முழுப்பொருள் ஆகாது. புதியவர் வருவதே விருந்து. 'அதிதி' என்ற வடசொல்லுக்கும், திதி குறிக்காமல் வருபவர் என்று பெரியோர் விளக்கம் தருவர். நாள் குறித்து, அழைப்புப் பெற்று வருபவரை உபசரிப்பது எளிது. மழைக்கு ஒதுங்குபவன் நாள் பார்த்து வருவதில்லை.

நம்முடைய நகரங்களில் இன்று புதியவர்களுக்குக் குறைவில்லை. கட்டடம் எழுப்புபவர்கள், உணவகங்களில் பரிமாறுபவர்கள், காவல் காப்பவர்கள், பொருள்களைச் சுமந்து வருபவர்கள் எனப் பலரும் மொழி தெரியாத ஊரில், உறவுகளைப் பிரிந்து வாழ்கிறார்கள். நம் அன்பர்கள் பலரும்கூடப் பிழைப்புக்காக வேறு மாநிலங்களில் வாழ்பவர்களே. எங்கோ ஓரிடத்தில் ஒருவர் நமக்கு இடம் கொடுத்ததால்தான் நாம் இங்கே இருக்கிறோம். நாம் ஒவ்வொருவரும் யாரோ ஒருவருடைய விருந்தினர்தாம். ஆழ்ந்து நோக்கினால், இந்த உலகிற்கே நாம் நாள் குறிக்காமல் வந்த அதிதிகள். பெற்ற மூச்சுக்கும், குடித்த தண்ணீருக்கும் நாம் விலை கொடுத்து முடித்ததில்லை.

ஆகவே விருந்தினரின் தர்மத்தை நாம் இன்றே பழகலாம். நுழையும் இடத்தில் இருப்பவரை முதலில் வணங்குவோம். அன்புடன் கொடுக்கப்படுவதைப் பணிவுடன் ஏற்போம். கொடுத்தவரின் வரலாற்றையும் வலியையும் அறிந்து அவரை மதிப்போம். பெற்றதை மறவாமல், அடுத்தவருக்குக் கடத்துவோம். இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. ஒரு வணக்கமும், ஒரு நாற்காலியும், ஒரு குவளை நீரும் போதும்.

அந்த இளைஞனை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் மழை பெய்யும்போது, எங்கள் குடியிருப்பின் முகப்பில் சில நாற்காலிகள் போடப்படுகின்றன. யாரேனும் ஒதுங்க வந்தால், அங்கிருப்பவர்கள் முதலில் வணக்கம் சொல்கிறார்கள்.